பருவம் தவறிய மழையும் சராசரி என்ற அளவும்

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஜனவரி மாதப் பகல் வெப்பம் 28, 29 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவு வெப்பம் 21 டிகிரியை ஒட்டியும் இருப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடும். வானம் வெளுத்து, விடியற்காலையில் வரப்புப் புல்லில் பனி இறங்கும். மாசி பிறந்ததும் பகல் வெப்பம் படிப்படியாக ஏறும். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது மார்கழியும் தையும் முன்பனிக்கும், மாசியும் பங்குனியும் பின்பனிக்கும், சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கும் உரியவையாயின. மழைக்கு இந்த ஆறு மாதங்களில் இடமே இல்லை. சம்பா நெல் முற்றிக் காய்ந்து அறுவடைக்கு வருவதும் இந்த வறண்ட வாரங்களில்தான். அப்போது பெருமழை கொட்டினால் அது பருவம் தவறிய மழை.

குளிர் நாடுகளில் இதே இடத்தைப் பிடித்திருப்பது வசந்தகாலத்துப் பனிப்பொழிவும் உறைபனியும். 2021 மார்ச் இறுதியில் பிரான்சில் அந்த மாதத்துக்கு மிகையான வெப்பம் நிலவியது. திராட்சைக் கொடிகள் முந்தித் துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரம் முடிவதற்குள் வெப்பம் சுழியத்துக்குக் கீழே போய்த் துளிர்கள் கருகின. அந்த நாட்டின் வேளாண் வரலாற்றில் அண்மைக் காலத்தின் பேரிழப்புகளில் அது ஒன்று. அதே குளிர் ஜனவரியில் வந்திருந்தால் இலையுதிர்ந்து நின்ற கொடிகளுக்கு ஒரு தீங்கும் நேர்ந்திராது. காவிரிப் படுகையிலும் கதை இதுவே. நவம்பரில் ஒரு நாளில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பயிருக்கு நல்லது. செய்தித்தாளில் ஒரு வரி கூட வராது. ஜனவரி கடைசியில் அதே ஐந்து சென்டிமீட்டர் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் படுக்க வைத்துவிடும். பெய்த நாளையும் அன்று பயிர் நின்ற நிலையையும் விட்டுவிட்டு மழையளவை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ஒரு நாளின் வானிலை வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல, வழக்கம் எது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு உலக வானிலை அமைப்பு வகுத்த முறை, முப்பது ஆண்டுகளின் பதிவுகளைத் திரட்டிச் சராசரி காண்பது. இதற்கு 'இயல்பு அளவு' என்று பெயர். இப்போது உலகளவில் எடுத்துக்கொள்ளப்படும் முப்பதாண்டு 1991 முதல் 2020 வரை. ஒரு ஆண்டு வெயில் கொளுத்தும், மறு ஆண்டு மேகம் மூடும். முப்பது ஆண்டுகளைச் சேர்த்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பது எண்ணம்.

இந்திய வானிலைத் துறை 1875-இல் தோன்றியது. பட்டுக்கோட்டைக்கு மிக அருகில் அதன் நிலையம் கடற்கரையோரம் அதிராம்பட்டினத்தில் இருக்கிறது. வெப்பமானிகளைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்று புகும் சட்டங்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். நேரடி வெயிலோ தரையின் சூடோ பட்டால் காற்றின் வெப்பம் சரியாகக் கிடைக்காது. மழையை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு அளப்பார்கள். ஆகவே பிப்ரவரி 2-ஆம் தேதியின் மழை என்று பதிவேட்டில் இருப்பதில் பெரும்பகுதி முதல் தேதி பகலிலும் இரவிலும் பெய்ததாகவே இருக்கும். பழைய பதிவுகளைப் பயிர்ச் சேதத்தோடு ஒப்பிடுவோர் இதை மறந்தால் ஒரு நாள் தவறிவிடும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை சராசரி நல்ல அளவுகோல். ஒரு ஊரின் ஜனவரி இரவுகளை முப்பது ஆண்டுக்கு எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை சராசரிக்கு இரண்டு டிகிரி மேலோ கீழோ அடங்கிவிடும். அதனால்தான் வானிலைத் துறை சில எச்சரிக்கைகளை விலகலைக் கொண்டே வரையறுக்கிறது. கடலோர நிலையத்தில் பகல் வெப்பம் 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. இரவு வெப்பம் 15 டிகிரியோ அதற்குக் கீழோ போய், இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருந்தால் குளிர் அலை. பட்டுக்கோட்டைக் கடற்கரையில் கடல் இரவுக் குளிரைத் தணித்துக்கொண்டே இருப்பதால் 15 டிகிரி என்பது ஏறக்குறைய எட்டாத ஆழம். நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும். தமிழ்நாட்டுக்குள் உறைநிலைக் குளிர் என்பது அத்தகைய மலைப்பகுதிகளுக்கு மட்டுமே உரியது.

மழைக்கு வந்தால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பான மழை. 20 முதல் 59 சதவீதம் வரை கூடினால் அதிகம். 60 சதவீதத்தை எட்டினால் மிக அதிகம் என்பது வானிலைத் துறையின் வகைப்பாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஏறத்தாழ 44 சென்டிமீட்டருக்கு இந்த வகைப்பாடு பொருந்தும். ஜனவரிக்கு மாநிலத்தின் இயல்பு மழை சுமார் 12 மில்லிமீட்டர்தான். ஒரே ஒரு மாலை மழை அதைத் தாண்டிவிடும். அப்போது அறிக்கையில் வரும் 'இருநூறு சதவீதம் அதிகம்' என்ற சொல்லை வைத்து வெள்ளமா தூறலா என்று யாரும் அறிய முடியாது.

சிக்கல் அதைவிட ஆழமானது. கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டு மார்ச் மாதம் ஒரு சொட்டு மழையில்லை. ஒன்பதாவது ஆண்டு 4 மில்லிமீட்டர். பத்தாவது ஆண்டு 146 மில்லிமீட்டர். சராசரி போட்டால் மார்ச் மாத இயல்பு 15 மில்லிமீட்டர் என்று வரும். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒன்றில்கூட 15 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யவில்லை. அந்த எண் எந்த ஆண்டின் அனுபவத்தையும் காட்டவில்லை. ஒரே ஒரு வெள்ளத்தைப் பத்து ஆண்டுக்குப் பங்கிட்டுக் காட்டுகிறது. காவிரி டெல்டாவில் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான மழையின் இயல்பு அளவுகள் எல்லாமே ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கே கேட்க வேண்டியது சராசரி எவ்வளவு என்பதல்ல. அறுவடை வாரங்களில் பயிரைச் சாய்க்கும் மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் உழவருக்கும் காப்பீட்டுக்கும் பயன்படும் கேள்வி.

அண்மைக்காலத்தில் அது அடிக்கடியே வந்திருக்கிறது. 2008 மார்ச்சில் மாநிலம் முழுவதும் பெய்த கோடைப் பெருமழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல்லும் களத்தில் கிடந்த நெல்லும் நனைந்தன. 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் அந்த மாதத்தின் இயல்பைப்போலப் பத்து மடங்குக்கு மேல் மழை பெய்தது. வடகிழக்குப் பருவமழை விலகியதாக வானிலைத் துறை அறிவித்ததே ஜனவரி 19-ஆம் தேதிதான். பொங்கல் வாரம் முழுவதும் டெல்டா நீரில் நின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று தமிழ்நாட்டுக் கரையை நோக்கி வந்து கடலிலேயே வலுவிழந்தது. மார்ச் மாதத்தில் அப்படி ஒன்று உருவாவது மிக அரிது. 2024 ஜனவரி முதல் வாரம் முடிந்த கையோடு சீர்காழி, நாகப்பட்டினம் பக்கம் மறுபடியும் கனமழை.

இவற்றுள் 2023 பிப்ரவரி மழை பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது. ஜனவரி கடைசியில் தென்மேற்கு வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் பிப்ரவரி 2-ஆம் தேதி விடியலுக்கு முன் இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. மண்டலம் கரை கடந்தது இலங்கையில். மழை கொட்டியது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும். சுழற்சியின் வடபுறத்தில் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். அது வெதுவெதுப்பான கடலின்மேல் நெடுந்தொலைவு வந்து ஈரம் ஏற்றிக்கொண்டு, கோடியக்கரையில் வளைந்து பாக் நீரிணைக்குள் நுழையும் கடற்கரையில் மோதும். ஆகையால் இலங்கையை நோக்கிப் போகும் எந்தத் தாழ்வு மண்டலமும் டெல்டாவுக்கு உரியதே என்று எண்ணுவது தவறாகாது.

பருவமழை விலகியபின் இத்தகைய சுழற்சிகள் ஏன் தோன்றுகின்றன? ஜனவரியில் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் மழை மேகங்களின் பட்டையும் தெற்கே இறங்கிவிடும். தமிழகக் கரைமீது வறண்ட வடகிழக்குக் காற்று நிலைபெறும். ஆனால் கிழக்கிலிருந்து மேற்காக நகரும் காற்றலைகள் முழுதும் நின்றுவிடுவதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றி வரும் பெரிய மேகக் கூட்டம் ஒன்றும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அதைக் கண்டறிந்த ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் ஆகிய இருவரின் பெயரால் அது மேடன்-ஜூலியன் அலைவு எனப்படுகிறது. முப்பது முதல் அறுபது நாட்களுக்கு ஒருமுறை அது ஒரு சுற்று முடிக்கும். அந்தக் கூட்டம் இந்தியப் பெருங்கடலின்மேல் வரும் வாரத்தில் ஒரு காற்றலையும் சேர்ந்துகொண்டால் காலம் தவறிய மழைக்கு வழி திறக்கும். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டுகளில் கிழக்கு இந்தியப் பெருங்கடலில் மேகம் திரள்வதற்குச் சூழல் இன்னும் சாதகமாகும். 2021 ஜனவரி அப்படிப்பட்ட ஒரு லா நினாக் காலத்தில் வந்தது.

மழை நாட்களின் வெப்பநிலை தனியாகப் பார்க்கத் தக்கது. மேகம் வெயிலைத் தடுப்பதால் பகல் வெப்பம் இயல்பைவிடச் சில டிகிரி இறங்கும். தரை இரவில் வெளியேற்றும் வெப்பத்தையும் அதே மேகம் மறித்துத் திருப்பி அனுப்புவதால் இரவு வெப்பம் இயல்பைவிட உயரும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அன்றைய சராசரி வெப்பம் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றும். பயிருக்கு அது இயல்பான நாளே அல்ல. தெளிந்த வானமுள்ள ஜனவரி இரவில் நேர்மாறாக நடக்கும்: தரை வேகமாகக் குளிரும், அதைத் தொட்ட காற்றின் ஈரம் இலைகளில் பனியாக இறங்கும், காலையில் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். மேகமூட்டமும் தூறலும் தொடர்ந்தால் இலை நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும். குலைநோய்ப் பூஞ்சையின் வித்துக்கள் முளைத்து இலைக்குள் நுழைய அந்த இடைவிடாத ஈரமே வேண்டும்.

பட்டுக்கோட்டையின் பயிர் நாட்காட்டியை மேட்டூர் அணை நிர்ணயிக்கிறது. பாசனத்துக்காக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் அடைப்பது நெடுநாள் மரபு. ஜனவரி 28 என்ற தேதிக்குப் பின்னால் ஒரு வேளாண் அறிவு இருக்கிறது. முற்றிய சம்பாவுக்கு அதற்குமேல் தண்ணீர் தேவையில்லை. வயல் காய வேண்டும். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டமாக 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய், புதாறு என்று ஊரில் வழங்கும் அந்த வாய்க்கால், தஞ்சாவூர், ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை வருகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்கு நாளாகும். அணை திறப்பு தள்ளிப்போனால் இங்கே நடவு இன்னும் தள்ளிப்போகும். 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடவு ஒரு மாதம் பிந்தினால் அறுவடையும் பிந்தி, பயிர் பருவம் தவறிய மழைக்கு மாட்டக்கூடிய நாட்களும் நீளும். வானிலையில் ஒரு மாற்றமும் இல்லாமலே, அணையின் திறப்புத் தேதி மட்டும் மாறி, ஒரு சாதாரண பிப்ரவரி மழையைப் பேரிடராக்கிவிட முடியும்.

முற்றிய கதிர் கனமானது. தாளோ காய்ந்து வலுவிழந்திருக்கும். மழையோடு காற்றும் சேர்ந்தால் பயிர் வேரடியில் மடங்கிச் சாயும். சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் நெல்மணி கதிரிலேயே முளைவிடும். முளைவிட்ட நெல் விதைக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது. வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற இரகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அந்தத் தாங்குதிறன் இளம்பயிர் இரு வாரம் மூழ்கிக் கிடந்து மீள்வதற்கானது. முற்றிச் சாய்ந்த கதிருக்கு அது உதவாது.

சாயாமல் தப்பிய பயிரையும் உடனே அறுக்க முடியாது. ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி புதைந்துவிடும். பெல்ட் வண்டி வர வேண்டும். அதற்கு வாடகை அதிகம். ஒரு ஏக்கரை முடிக்க நேரமும் கூடுதல். எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் அதற்குத் தேவை எழும். அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது விதி. வெயில் இல்லாத நாட்களில் நெல்லைச் சாலையில் கொட்டிப் புரட்டிப் புரட்டிக் காயவைத்தும் அந்த அளவுக்கு இறங்காது. 2023 பிப்ரவரியில் மாநில அரசு 22 சதவீதம் வரை தளர்வு கேட்டது. ஒன்றிய அரசு 20 சதவீதம் வரை அனுமதித்தது. அனுமதி வருவதற்கு முந்தைய நாட்களில் நெல்லோடு காத்திருந்தவர்களின் இழப்பு எந்த மழைப் பதிவேட்டிலும் ஏறாது.

நெல்லுக்கு அடுத்து அடி வாங்குவது உளுந்து. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் சம்பாவுக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது டெல்டா வழக்கம். நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 3 உளுந்து இன்றும் பெயர்பெற்றது. வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தில் முளைத்து, இரவுப் பனியைக் குடித்து, மேல்தண்ணீர் இல்லாமலே எழுபது நாள் அளவில் விளைந்துவிடும். பனி இந்த மண்ணில் ஒரு பாசனம். விதை முளைக்கும் தறுவாயில் வயலில் நீர் நின்றால் அது மூச்சுத் திணறி அழுகிப்போகும். 2023-இல் நெல் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாயும் தரிசுப் பயறுக்கு 3,000 ரூபாயும் மாநில அரசு அறிவித்தது. உளுந்து என்பது நெல்லுக்குச் செலவிட்ட கடனை அடைக்கும் பயிர் என்பதை நினைத்தால் இரண்டாவது தொகையின் சிறுமை உறைக்கும்.

வெப்பத்தின் விலகல் மழையைப்போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயிர் அதையும் கணக்கில் வைக்கிறது. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பதர் கூடும். இரவு வெப்பத்தின் விளைவு இன்னும் நுட்பமானது. பிலிப்பைன்சின் லாஸ் பானோசில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை எடுத்த பதிவுகளைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவப் பயிர்க்காலத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி உயரும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. இரவில் சூடு கூடினால் பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சுவாசத்தில் செலவழித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம்.

டெல்டாவின் நெல் நீரில் கிடந்த அதே 2023 பிப்ரவரிதான் 1901-இலிருந்து வைத்த பதிவுகளில் இந்தியா முழுவதற்குமான பகல் வெப்பத்தில் மிகச் சூடான பிப்ரவரி. நாட்டின் சராசரி உச்சவெப்பம் 29.54 டிகிரி. அதற்கு முந்தைய ஆண்டின் மார்ச்சும் அப்படியே சாதனை வெப்பத்தோடு வந்து பஞ்சாப், ஹரியானா கோதுமையை முற்றவிடாமல் சுருக்கியது. நாட்டுச் சராசரி உண்மையானதே. பட்டுக்கோட்டை வயலைப்பற்றி அது ஒன்றும் சொல்லாது என்பதும் உண்மை. சராசரியை எந்தப் பரப்புக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மாதம் வெயிலின் மாதமாகவும் வெள்ளத்தின் மாதமாகவும் பதிவாகிறது.

இந்த மழைகளில் ஒவ்வொன்றையும் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2008-க்கு முன்பும் தை, மாசி மழைகள் உண்டு. இயற்பியல் உறுதியாகச் சொல்வது ஒன்று: காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஆகவே காலம் தவறி ஒரு சுழற்சி வந்தால் கொட்டுவதற்கு அதனிடம் முன்பைவிட அதிக நீர் இருக்கும். இதனோடு இன்னொரு விளைவும் உண்டு. இயல்பு அளவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய குளிர்ந்த பத்தாண்டு வெளியேறி, புதிய சூடான பத்தாண்டு உள்ளே வருகிறது. நேற்று மிகை வெப்பம் என்று குறித்தது இன்று இயல்பாகிவிடுகிறது. நீண்டகால மாற்றத்தை அறிய விரும்புவோர் 1961 முதல் 1990 வரையிலான பழைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

நிவாரண விதிகள் இந்த அறிவுக்குப் பின்தங்கியே இருக்கின்றன. மாநிலப் பேரிடர் நிதிக்கு ஒன்றிய அரசு வகுத்த பட்டியலில் புயல், வறட்சி, வெள்ளம், ஆலங்கட்டி மழை, பனிச்சரிவு, உறைபனி, குளிர் அலை எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. பருவம் தவறிய மழை தனியாக இல்லை. வடக்கின் பனிக்கு இருக்கும் இடம் டெல்டாவின் தை மழைக்கும் வேண்டும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இதில் ஒருபடி மேல்: அறுத்து வயலில் உலர்த்திய நெல், அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையில் சேதமானால் அதற்கு இழப்பீடு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் இன்று பெரும்பாலான நெல் இயந்திரத்தில் அறுபட்டு நேராகக் களத்துக்கோ கொள்முதல் நிலையத்தின் வாசலுக்கோ போகிறது. அங்கே நனையும் குவியல் 'வயலில் உலர்த்திய பயிர்' என்ற சொற்றொடருக்குள் அடங்காது.

முன்னறிவிப்பு கடந்த இருபது ஆண்டுகளில் நன்கு தேறியிருக்கிறது. தாழ்வு மண்டலத்தின் பாதையை நான்கைந்து நாள் முன்பே ஓரளவு நம்பகமாகச் சொல்ல முடிகிறது. வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை அடுத்த நான்கு வாரங்களுக்கான நீள்கால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் ஆலோசனை அறிக்கை வருகிறது. மேடன்-ஜூலியன் அலைவு இந்தியப் பெருங்கடலுக்குள் எப்போது நுழையும் என்பதை இரண்டு வாரத்துக்கு முன்பே ஓரளவு கணிக்கலாம். கடைமடையில் அந்த இரண்டு வாரத்துக்குச் செய்ய வேலை இருக்கிறது: உளுந்து தெளிப்பதை ஒரு வாரம் தள்ளலாம், வடிகால் வாய்க்காலின் அடைப்பை நீக்கலாம், ஐந்தில் நான்கு பங்கு மணி பழுத்த வயலை முழுதும் காயக் காத்திராமல் அறுத்துவிடலாம், பெல்ட் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், கொள்முதல் நிலையங்களுக்குத் தார்ப்பாயும் உலர்த்தும் இயந்திரமும் அனுப்பி வைக்கலாம், ஈரப்பதத் தளர்வுக்கான கடிதத்தை மழைக்கு முன்பே எழுதலாம்.